படுத்த படுக்கையில் இருப்போருக்கு வீடு தேடி வரும் அரசு செவிலியர்: நம் குடும்பங்கள் அறிந்துகொள்ள வேண்டியவை

 

நம் டிரஸ்ட் அலுவலகத்திற்கு மருத்துவ உதவி கேட்டு வரும் மனுக்களில் ஒரு வகை மட்டும் வருடத்திற்கு வருடம் கூடிக்கொண்டே போகிறது. ஆபரேஷன் செலவுக்கோ மருந்துச் செலவுக்கோ எழுதப்படும் மனுக்கள் அல்ல அவை. "அத்தா பக்கவாதத்தில் படுத்துவிட்டார், பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப் பணம் வேண்டும்", "உம்மாவுக்கு முதுகில் புண், தினமும் கட்டுப் போட வருபவருக்குக் கொடுக்க முடியவில்லை" என்று எழுதப்படுபவை. மகன்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், மகள்களைக் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இருப்பது ஒரு மருமகளும் சின்னப் பிள்ளைகளும். இப்படிப்பட்ட வீடுகள் நம் தெருக்களில் எத்தனை என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

இந்த மனுக்களைக் கொண்டு வருவோரிடம் நான் முதலில் கேட்பது, "ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்திருக்கிறீர்களா?" என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில், "அங்கே போனால் வீட்டுக்கு வருவார்களா? எங்களுக்குத் தெரியாதே!" என்பது. வருவார்கள். இலவசமாக வருவார்கள். அதைப் பற்றி விவரமாகச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

திட்டம் என்ன?

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. அதிலிருந்து அது மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. தொற்றா நோய்களைத் தடுப்பதற்கும் கட்டுப்படுத்துவதற்குமான ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருது 2024-இல் இத்திட்டத்திற்குக் கிடைத்தது. செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். ஆனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கும் திட்டம் என்று மட்டுமே நம்மில் பலர் அதைப் புரிந்து வைத்திருக்கிறோம். உண்மையில் அதில் நான்கு விதமான சேவைகள் உள்ளன.

ஒன்று, மருந்து. உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ள முதியோருக்கும், நடமாட முடியாதோருக்கும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிற்கு வந்து ரத்த அழுத்தம், சர்க்கரை பார்த்து மாத்திரை தருவார். இவர்கள் பெரும்பாலும் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த பெண்கள்.

இரண்டு, நோய் ஆதரவு சேவை. இதற்கென்று பயிற்சி பெற்ற செவிலியர் வட்டாரந்தோறும் இருக்கிறார். படுக்கையில் கிடப்போர், புற்றுநோயாளிகள், பக்கவாதம் வந்தோர், நினைவு தப்பிய முதியோர் ஆகியோரை அவர் வீட்டிற்கே வந்து கவனிப்பார்.

மூன்று, இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி. பிசியோதெரபிஸ்ட் வீட்டிற்கு வந்து பயிற்சி தருவார்.

நான்கு, சிறுநீரகம் செயலிழந்து, வயிற்றுவழி டயாலிசிஸ் வீட்டிலேயே செய்துகொள்வோருக்கு அதற்கான திரவப் பைகளை வழங்குவது.

செவிலியர் என்ன செய்வார், என்ன செய்யமாட்டார்?

எதிர்பார்ப்பு தெளிவாக இருந்தால் மனக்கசப்பு வராது. எனவே இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

செவிலியர் வீட்டிற்கு வந்து நோயாளியைப் பரிசோதிப்பார். படுக்கைப் புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவார். சிறுநீர்க் குழாய் மாற்றுவது, மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயைப் பராமரிப்பது, வயிற்றில் துளையிட்டு மலப்பை வைத்திருப்போருக்கு அதைக் கையாளக் கற்றுத் தருவது இவையெல்லாம் அவர் பணியில் அடங்கும். வலி எவ்வளவு இருக்கிறது என்று கேட்டு, தேவைப்பட்டால் மருத்துவ அலுவலரிடம் தெரிவிப்பார். எல்லாவற்றையும்விட முக்கியமாக, அவர் இல்லாத நாட்களில் வீட்டில் இருப்பவர் என்ன செய்யவேண்டும் என்பதைக் கற்றுக் கொடுப்பார்.

அவர் தினமும் வரமாட்டார். ஒரு வட்டாரம் முழுவதையும் கவனிக்க வேண்டியிருப்பதால், நோயின் கடுமையைப் பொறுத்து முறை வைத்து வருவார். இரவு தங்கிப் பார்த்துக்கொள்ளும் ஆளாகவும் இருக்கமாட்டார். குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, உணவு ஊட்டுவது ஆகிய அன்றாட வேலைகள் குடும்பத்தாருடையவை. நாம் கேட்கிறோம் என்பதற்காக வீட்டில் குளுகோஸ் ஏற்றவோ, மருத்துவர் எழுதாத ஊசி போடவோ மாட்டார். அவசரம் என்றால் அவரை அழைத்துக் காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சுத் திணறல், திடீரென வாய் கோணுதல், கை கால் இழுத்தல், நினைவு இழத்தல், நிற்காத ரத்தப்போக்கு ஆகியவை 108-க்கான நேரங்கள்.

பெயர் பதிவது எப்படி?

உங்கள் பகுதி துணை சுகாதார நிலையத்தில் கிராம சுகாதாரச் செவிலியர் இருப்பார். நகரமாக இருந்தால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம். நோயாளியை அங்கே தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை. குடும்பத்தில் ஒருவர், மருத்துவமனை கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மருந்துச் சீட்டு, நோயாளியின் ஆதார் நகல், தொலைபேசி எண் இவற்றை எடுத்துக்கொண்டு காலை நேரத்தில் சென்றால் போதும். "படுத்த படுக்கையாக இருக்கிறார், நோய் ஆதரவு சேவைக்குப் பெயர் பதியவேண்டும்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வெறுமனே "வயதானவர், உடம்பு சரியில்லை" என்றால் மாத்திரைப் பட்டியலில் மட்டும் பெயர் சேர்ந்துவிடும்.

உங்கள் தெருவுக்கு வரும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலரிடமும் சொல்லலாம். சொல்லியும் யாரும் வரவில்லை என்றால், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரைப் பார்த்து எழுத்து மூலம் கொடுங்கள். அதற்கு மேல் வட்டார மருத்துவ அலுவலர் இருக்கிறார், மாவட்ட சுகாதார அலுவலர் இருக்கிறார். 104 என்ற சுகாதார உதவி எண்ணிலும் கேட்கலாம். மனு எழுதத் தெரியாதவர்கள் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்திற்கு வந்தால் எழுதித் தருகிறோம்.

நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள்

*"பெயர், ஆதார் எல்லாம் கொடுத்தால் பின்னால் ஏதும் சிக்கல் வருமா?"*

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கடந்த சில வருடங்களில் 'கணக்கெடுப்பு' என்ற சொல்லைக் கேட்டாலே நம் பெண்கள் கதவைச் சாத்திக்கொள்ளும் நிலை வந்ததற்குக் காரணங்கள் இருக்கின்றன. ஆனால் சுகாதாரத் தன்னார்வலர் குறிப்பது பெயர், வயது, நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை அளவு, மருந்து ஆகியவற்றை. அது சிகிச்சைக் குறிப்பு. நோயாளியின் பெயர் பதிவேட்டில் இல்லை என்றால் அவருக்கு மருந்தும் வராது, செவிலியரும் வரமாட்டார். வருபவரின் அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள், தவறில்லை. வங்கிக் கணக்கு எண்ணோ, ரகசிய ஓ.டி.பி. எண்ணோ, பணமோ யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். அது இந்தத் திட்டம் அல்ல.

*"உம்மாவை அந்நிய ஆண் தொட்டுப் பார்ப்பதா?"*

நோய் ஆதரவு செவிலியர்கள் பெரும்பாலும் பெண்களே. பிசியோதெரபிஸ்ட் ஆணாக இருக்கலாம். பெண் நோயாளி என்று பதியும்போதே சொல்லி, பெண் ஊழியர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லாத நிலையில், மஹ்ரமான ஒருவர் உடனிருக்க, தேவையான பகுதி தவிர மற்றதை மூடியபடி சிகிச்சை பெற மார்க்கம் இடம் தருகிறது. சிகிச்சையின் தேவை என்பது ஃபிக்ஹு நூல்களில் உலமாக்கள் தெளிவாகப் பேசியிருக்கும் விஷயம். பக்கவாதம் வந்த ஒரு பெண்ணுக்கு ஆரம்ப வாரங்களில் பயிற்சி தராமல் விட்டால் கை மடங்கி இறுகிப்போகும், தோள் அசையாது. பின்னர் உளூச் செய்யவும் தக்பீர் கட்டவும் பிறர் துணை வேண்டியதாகிவிடும்.

*"நாங்கள் தனியார் மருத்துவமனையில் பார்க்கிறோம். எங்களுக்கும் உண்டா?"*

உண்டு. ஆனால் ஒரு எச்சரிக்கை. அரசு தரும் மாத்திரையும் கடையில் வாங்கும் மாத்திரையும் வேறு வேறு பெயரில், வேறு வேறு நிறத்தில் ஒரே மருந்தாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் சர்க்கரை திடீரென இறங்கிவிடும், வயதானவர்கள் மயங்கி விழுவார்கள். எனவே வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு வைத்து, செவிலியர் வரும்போது மொத்தமாகக் காட்டுங்கள். நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் சேர்த்தே காட்டுங்கள்.

*"நோய் ஆதரவு என்றால் சாகப்போகிறவர்களுக்கானது இல்லையா? பெயர் பதிந்தால் கைவிட்டதாக ஆகாதா?"*

இல்லை. குணப்படுத்தும் சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே வலியையும் சிரமத்தையும் குறைப்பதற்காகத் தரப்படுவது அது. பல ஆண்டுகள் அந்தச் சேவையோடு வாழ்பவர்கள் இருக்கிறார்கள். புற்றுநோய் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மருந்தைப் பற்றியும் பலருக்குத் தயக்கம் உண்டு. தகுதியுள்ள மருத்துவர் அளவு பார்த்துத் தரும் வலி மருந்து, போதைக்காக உட்கொள்ளப்படுவது அல்ல. நோயாளிகளுக்கு அது எளிதாகக் கிடைக்கவேண்டும் என்பதற்காகவே மத்திய அரசு 2014-இல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியது. ஸப்ரு செய்வது நன்மைதான். ஆனால் தீர்க்கக்கூடிய வலியை ஒருவர் இரவு முழுவதும் அனுபவிக்க விட்டுவிட்டு, அவருக்கு ஸப்ரை உபதேசிப்பது நம் வேலை அல்ல.

வீட்டில் இருப்பவர் செய்யவேண்டியவை

செவிலியர் இல்லாத நாட்கள்தான் அதிகம் என்பதால், அவர்கள் சொல்லித்தரும் அடிப்படை விஷயங்களை இங்கே தொகுத்துத் தருகிறேன். வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம்.

படுக்கைப் புண்: தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை வலம், இடம், மல்லாக்க என்று மாற்றிப் படுக்கவையுங்கள். பிட்டம், இடுப்பு எலும்பு, குதிகால், தோள்பட்டை, பின்மண்டை ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்தோ கறுத்தோ இருக்கும் இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் மாறாமல் அப்படியே இருந்தாலோ, தொட்டால் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தாலோ புண் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்த இடத்தைத் தேய்க்கவோ மசாஜ் செய்யவோ கூடாது. அதன்மேல் படுக்காமல் பார்த்துக்கொண்டு செவிலியருக்குச் சொல்லுங்கள். மஞ்சள் தூள், காபித் தூள், சாம்பல் எதையும் புண்ணில் போடாதீர்கள். விரிப்பு சுருக்கமில்லாமலும் ஈரமில்லாமலும் இருக்கட்டும். தண்ணீர் மெத்தையோ காற்று மெத்தையோ இருந்தாலும் திருப்பிப் படுக்கவைப்பதை நிறுத்தக் கூடாது.

சிறுநீர்க் குழாய்: பை எப்போதும் நோயாளியின் இடுப்பைவிடத் தாழ்வாகத் தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக்கூடாது. முழுதும் நிரம்பும்வரை விடாதீர்கள். தொடுவதற்கு முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சில மணி நேரமாகச் சிறுநீர் இறங்கவில்லை, காய்ச்சல், குளிர், ரத்தம் கலந்து வருதல் என்றால் உடனே தெரிவியுங்கள்.

மூக்குக் குழாய் உணவு: தலைப்பக்கத்தைத் தலையணை வைத்து நன்றாக உயர்த்திக்கொண்டுதான் ஊற்றவேண்டும். ஊற்றிய பிறகும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். குழாயில் செவிலியர் போட்ட அடையாளம் இடம் மாறியிருந்தாலோ, ஊற்றும்போது இருமினாலோ நிறுத்திவிடுங்கள்.

பக்கவாதம்: செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள் நழுவிவிடும். பிசியோதெரபிஸ்ட் காட்டிய பயிற்சியை அவர் வரும் நாளில் மட்டும் செய்தால் பலன் இராது, தினமும் செய்யவேண்டும்.

வயிற்றுவழி டயாலிசிஸ்: வடிந்து வரும் திரவம் கலங்கலாக இருந்தால் அது கிருமித் தொற்றின் அடையாளம். மறுநாள்வரை காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தொழுகையும் நோன்பும்

நோயாளிகளின் மனதை மிகவும் வருத்துவது, "இந்தப் பையோடு எப்படித் தொழுவேன்?" என்ற எண்ணம். சிறுநீர்க் குழாயோ மலப்பையோ இருப்பவர் மார்க்கச் சட்டத்தில் 'மஃதூர்', அதாவது தங்கடம் உள்ளவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும், ஷாஃபிஈ மத்ஹபில் வக்து நுழைந்தபின் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் உளூச் செய்து தொழுதுகொள்ளலாம். தண்ணீர் பட முடியாதவருக்குத் தயம்மும் உண்டு. நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும், சைகையாலும் தொழலாம். மேல்விவரங்களை இமாம் அவர்களிடம் கேளுங்கள். வீட்டிற்கு வந்து சொல்லித்தர அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.

ரமளானில், இன்சுலின் போடுவோரும் சிறுநீரக நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் நோன்பு வைக்கவேண்டாம். ஷஅபானிலேயே கேட்டுவிடுங்கள். குணமாகும் நம்பிக்கையில்லாத நோயாளிக்கு ஃபித்யா இருக்கிறது. அது அல்லாஹ் தந்த சலுகை. அதை ஏற்பதில் குறைவு ஏதுமில்லை.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடிக்க எனக்கு மனமில்லை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கட்டிலருகே உட்கார்ந்து, "எப்படி இருக்கீங்க மாமி?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். மூன்று வருடமாக ஒரு இரவும் முழுதாகத் தூங்காத மருமகளிடம் யாரும் கேட்பதில்லை. சில சமயம் கேட்காமல் இருந்தாலும் பரவாயில்லை, "புண் வந்துடுச்சா? சரியா கவனிக்கலையா?" என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பயந்தே புண்ணை மறைத்து, முற்றியபின் மருத்துவமனைக்குக் கொண்டுபோன வீடுகளும் உண்டு. ஆள் பற்றாத வீட்டில் எவ்வளவு கவனித்தாலும் புண் வரலாம். குறை சொல்லும் வாய் இல்லாதிருந்தால், செவிலியரை முதல் வாரத்திலேயே அழைத்திருப்பார்கள்.

நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்றொரு முஸ்லிமுக்குள்ள உரிமை என்பதை நாம் மதரஸாவிலேயே படித்தோம். அந்த விசாரிப்பை இப்படியும் செய்யலாம்: இரண்டு மணி நேரம் நோயாளியின் அருகில் நீங்கள் இருந்துகொண்டு, அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் மகன்கள் பணம் அனுப்புவதோடு, வீட்டில் இருப்பவளிடம் தினமும் பேசி, அவள் தேவையையும் கேளுங்கள்.

மஹல்லாவின் பங்கு

வீட்டிலிருக்கும் நோயாளியைச் சமுதாயமே சேர்ந்து கவனிப்பது எப்படி என்பதற்கு முன்மாதிரி தூரத்தில் இல்லை. கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரணப் பணி, பின்னர் மலப்புரம் மாவட்டத்தில் ஊர் மக்களின் இயக்கமாகவே வளர்ந்தது. ஆசிரியர்கள், கடைக்காரர்கள், மாணவர்கள், இல்லத்தரசிகள் என எல்லா மதத்தவரும் தன்னார்வலராகி, சிறு சிறு நன்கொடைகளைத் திரட்டி, செவிலியரோடு வீடு வீடாகச் சென்றார்கள். 2008-இல் கேரள அரசு அதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது. உள்ளாட்சி அமைப்புகள் செவிலியரை அமர்த்தின. மலப்புரத்தில் நடந்தது நம் ஊரில் நடக்க முடியாததல்ல.

நமக்கு இது புதிய வழியும் அல்ல. அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் காயமுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் தாம் அடிக்கடி நலம் விசாரிக்க வசதியாக மஸ்ஜிதிலேயே கூடாரம் அமைத்து அவரைத் தங்கவைத்தார்கள். காயமுற்றோருக்கு மருத்துவம் செய்துவந்த ருஃபைதா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரமே அது என்று வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். மஸ்ஜிதின் வளாகத்தில் ஒரு பெண் மருத்துவப் பணியாற்றிய வரலாறு நம்முடையது.

எனவே மூன்று வேண்டுகோள்கள்.

முதலாவது, உங்கள் தெருவில் படுக்கையில் இருப்பவர் யார் என்பதை, அவர்கள் வீட்டாரின் சம்மதத்தோடு, டிரஸ்டுக்குத் தெரிவியுங்கள். மதம் பார்க்க வேண்டாம். அண்டை வீட்டார் எவராயினும் தெரிவியுங்கள். பெயர் பதியாதவர்களின் பட்டியலைச் சுகாதார நிலையத்தில் கொடுப்போம்.

இரண்டாவது, உங்கள் வீட்டில் பயன்படாமல் பரணில் கிடக்கும் சக்கர நாற்காலி, வாக்கர், தண்ணீர் மெத்தை, மருத்துவக் கட்டில் இவற்றை ஸதகாவாகக் கொடுங்கள். தேவைப்படுவோருக்குக் கொடுத்து, தேவை முடிந்தபின் திரும்ப வாங்கி அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அது பயன்படும் காலமெல்லாம் உங்களுக்கு நன்மை வந்துகொண்டிருக்கும், இன்ஷா அல்லாஹ்.

மூன்றாவது, வரும் செவிலியரை மதித்து நடத்துங்கள். வெயிலில் பல ஊர் சுற்றி வருகிறார். உட்கார நாற்காலியும் குடிக்கத் தண்ணீரும் கை கழுவ சோப்பும் தயாராக வையுங்கள். அவர் சொன்னதை ஒரு நோட்டில் எழுதி வைத்து, அடுத்த முறை வரும்போது காட்டுங்கள். பணம் கொடுக்க வேண்டாம், துஆச் செய்யுங்கள்.

டிரஸ்டின் நிதி எல்லோருக்கும் போதாது. அரசு செவிலியர் செய்யக்கூடிய வேலைக்கு நாம் பணம் கொடுக்காமல் இருந்தால், அரசு தராத டயாப்பர், சத்துணவு, ஒரு நாள் உதவி ஆள் போன்றவற்றுக்கு அந்தத் தொகை பயன்படும். இம்மாதம் முதல், படுக்கை நோயாளிகளுக்கான மனுவோடு சுகாதார நிலையத்தில் பதிந்த விவரத்தையும் சேர்த்துத் தரும்படி கேட்டுக்கொள்கிறோம். இதுவரை பதியாதவர்களின் மனு தள்ளப்படாது. பதிவதற்கு நாமே உடன் வருவோம்.

நோயுற்றிருக்கும் நம் பெற்றோருக்கும் உறவினருக்கும் அல்லாஹ் ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்போருக்கு உடல் வலிமையையும் நற்கூலியையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.
செயலாளர்